மஞ்சள் கோட்டின்மேல் ஒரு நாற்காலி

"அம்மா, வீட்டுக்குள்ள வந்த திருடன் பீரோகிட்ட போகாம ஏன் அடுப்படியில போய் உட்கார்ந்துக்கிறான்?"

மகள் இதைக் கேட்டது ஒரு காலையில், வாய் நிறையப் பற்பசை நுரையோடு. மேசைமேல் கிடந்த படத்தைப் பார்த்துத்தான் கேட்டாள். நோய் பிடித்த முலாம்பழ இலையிலிருந்து ஒரே ஒரு செல்லின் படம் அது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அதை எடுத்தவள் அவளுடைய அம்மா. செடிநோய் ஆய்வு நிலையத்தில் எல்லோரும் அவளைப் படக்காரி என்பார்கள். ஆய்வாளர் என்றொரு பதவிப் பெயர் அவளுக்கு உண்டு. தற்காலிகப் பதவி என்பதால் அந்தப் பெயரை யாரும் வீணாக்கவில்லை.

முந்தின நாள் மகளுக்கு விளக்கம் சொன்னதும் அவள்தான். செல் என்பது ஒரு வீடு. மைட்டோகாண்ட்ரியா அந்த வீட்டு அடுப்படி, வீட்டுக்கு வேண்டிய சக்தியெல்லாம் அங்கேதான் தயாராகிறது. வைரஸ் திருடன். இந்தப் படத்தில் திருடன் வேறெங்கும் போகவில்லை. அடுப்படியின் வெளிச்சுவரைச் சின்னச் சின்னப் பைகளாகக் குழித்துக்கொண்டு, ஒவ்வொரு பைக்குள்ளும் உட்கார்ந்து தன்னைப் பெருக்கிக்கொண்டிருந்தான்.

"நல்ல கேள்விடா செல்லம். ஆபீஸ்ல கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்றாள் படக்காரி.

அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

அந்த இலை நாற்றுக்காரக்காவுடையது. ஊர் ஓரத்தில் முலாம்பழ நாற்றும் வெள்ளரி நாற்றும் வளர்த்து விற்பவள். இலைகளில் காய்ந்த புள்ளிகள், தண்டில் பழுப்புக் கீறல்கள். இரண்டு பாத்திகளில் ஆரம்பித்திருந்தது. சந்தைக் குழு வந்து பார்த்துவிட்டு, நோய் எப்படிப் பரவுகிறது என்று ஆய்வு நிலையத்தின் முத்திரையோடு முடிவு வராவிட்டால் மாதக் கடைசியில் நாற்றங்கால் முழுவதையும் பிடுங்கி எரித்துவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தது. அக்காவுக்குக் கணவன் இல்லை, பிள்ளை இல்லை. அந்த நாற்றங்காலை விட்டால் வேறொன்றும் இல்லை.

படக்காரிக்கு அக்காவிடம் ஒரு பழைய கடன் உண்டு. பணக் கடன் இல்லை. இந்த நிலையத்துக்கு நேர்முகத் தேர்வுக்கு வந்த நாளில் மழை கொட்டியது. கைக்குழந்தையோடு வரக்கூடாது என்று வாசலில் தடுத்துவிட்டார்கள். எதிர்ச்சாரியில் நாற்றுக் கூடையோடு ஒதுங்கி நின்ற முன்பின் தெரியாத ஒரு பெண், "இங்க குடுத்துட்டுப் போம்மா, நான் எங்க ஓடிடப்போறேன்" என்று கையை நீட்டினாள். தேர்வு முடிந்து ஓடிவந்தபோது குழந்தை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

"அழுதாளாக்கா?"

"அழவே இல்ல. சமர்த்தா இருந்தா."

குழந்தையின் கன்னத்தில் கண்ணீர் காய்ந்த தடம் இருந்தது. அக்காவின் ரவிக்கைத் தோள் மழைபடாத இடத்தில் நனைந்திருந்தது. "இதுக்கு நான் என்ன செய்யப்போறேன் அக்கா?" என்று கேட்டதற்கு அக்கா சிரித்தாள். "எனக்கும் கூடை நிறையப் பிள்ளைங்க இருக்கு. என்னைக்காவது ஒரு நாள் நீ பார்த்துக்கோ."

இப்போது அந்த ஒரு நாள் வந்திருந்தது. முத்திரை வாங்குவது ஐந்து நிமிட வேலை என்று படக்காரி நம்பினாள். கடவுள் பக்தி உள்ளவள். உலகத்தைப் பற்றி நல்லதாகவே நினைப்பது அவள் வழக்கம்.

ஆய்வு நிலையம் ஒரே கட்டடம்தான். நடுவில் நீண்ட தாழ்வாரம், தாழ்வாரத்தின் நடுவில் நெடுக ஒரு மஞ்சள் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் வைரஸ் துறை, அந்தப் பக்கம் மைட்டோகாண்ட்ரியா துறை. துடைப்பங்களும் இரண்டு. ஒன்று கோட்டின் இந்த ஓரம் வரைக்கும் பெருக்கும், மற்றது அந்த ஓரம் வரைக்கும். கோட்டின்மேல் விழும் தூசி யாருடையது என்பது மேலிடத்தின் பரிசீலனையில் இருந்ததால், கோடு எங்கே இருக்கிறது என்பதைத் தூசியைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

முத்திரைக்காரர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இது எந்தத் துறைம்மா?"

"வைரஸ் சார்."

"அப்ப இது என்ன, கொழுக்குமொழுக்குனு?"

"அது மைட்டோகாண்ட்ரியா."

"ரெண்டும் ஒரே படத்துலயா?"

"ஒண்ணுமேல ஒண்ணு சார்."

முத்திரைக்காரர் அவசரமாகப் படத்தைக் கவிழ்த்து வைத்தார். "சத்தமா சொல்லாதீங்கம்மா. எனக்கும் குடும்பம் இருக்கு."

வைரஸ் துறைத் தலைவர் நல்ல மனிதர். படத்தை வாங்கியதும் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, மைட்டோகாண்ட்ரியா தெரிந்த பகுதியை மூடிக்கொண்டார். மிச்சமிருந்ததைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"வைரஸ் எங்கம்மா காணோம்?"

"கைக்குட்டைக்கு அடியில இருக்கு ஐயா."

"அதை நான் எப்படிம்மா பார்க்கிறது? வேலைக்குச் சேர்ந்த நாள்ல இருந்து ஒரு மைட்டோகாண்ட்ரியாவைக்கூட நான் ஏறெடுத்துப் பார்த்ததில்ல. என் ஓய்வு விழாவுல அதைத்தான் முதல்ல சொல்லப்போறாங்க."

கோட்டைத் தாண்டி மைட்டோகாண்ட்ரியா துறைத் தலைவியிடம் போனாள். அந்த அம்மாள் படத்தைத் தொடவில்லை, விரல் நுனியால் தள்ளிவிட்டார்.

"எங்க துறையில எல்லா மைட்டோகாண்ட்ரியாவும் ஆரோக்கியமா இருக்கும். நோய் வந்த நிமிஷமே அது அவங்க துறைக்குப் போயிடும். குணமாச்சுன்னா துடைச்சுக் கழுவித் திருப்பிக் குடுக்கணும். இதுவரைக்கும் ஒண்ணுகூடத் திருப்பித் தரல. கேட்டா செல் செத்துப்போச்சாம்."

"மேடம், நோய் வந்தப்போதான் அடுப்படி என்ன செய்யுதுன்னு தெரியும். இந்தப் பைகள் இருக்கே, அதுதான் இந்த வைரஸோட அடையாளம். இது காத்துல பரவுற ரகம் இல்ல. கத்தியிலயும் மண்ணுலயும்தான் பரவும். அதை மட்டும் முத்திரையோட சொல்லிட்டா, ரெண்டு பாத்தியோட போயிடும். ஒரு அம்மாவோட நாத்தங்கால் பிழைச்சுக்கும்."

"பையோட சுவர் யாரோடது?"

"மைட்டோகாண்ட்ரியாவோடது."

"உள்ள இருக்கிறது?"

"வைரஸ்."

"பார்த்தியா! ஒரு சின்னப் பை, அதுக்குள்ள எவ்வளவு பெரிய நிர்வாகச் சிக்கல்!" என்று தலைவி கண்களை மூடிக்கொண்டார். அந்தச் சிக்கலின் அழகு அவரை உண்மையிலேயே தொட்டிருந்தது.

இரண்டு நாளில் எல்லைக் குழு அமைக்கப்பட்டது. அதற்கு ஒரு தொடக்க விழாவும் உண்டு. இயக்குநர் பேசினார். அவர் பேசும்போது வலது கை தானாகவே ஒரு கோடு போட்டுக்கொண்டிருக்கும்.

"ஒரு வைரஸ் செல்லுக்குள் நுழைகிறது. நுழையட்டும். அது இயற்கை. ஆனால் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் இன்னொரு துறையின் சுவரில் போய்க் குடியேறுவது இயற்கையா, அத்துமீறலா? இன்று வைரஸை அனுமதித்தால் நாளைக்கு நம் ஊழியர்களே பக்கத்து அறைக்குப் போய்ப் பேசத் தொடங்கிவிடுவார்கள். அப்புறம் இந்த நிலையத்தில் ஆராய்ச்சி நடக்கிறது என்று வெளியில் பேச்சு கிளம்பும். அந்தக் கெட்ட பெயர் நமக்கு எதற்கு?"

பலத்த கைதட்டல். குழுவின் முடிவு வாசிக்கப்பட்டது. படத்தையும் இலையையும் எல்லையை ஒட்டிச் சரிபாதியாக வெட்டி, வைரஸ் பாதியை வைரஸ் துறைக்கும், மைட்டோகாண்ட்ரியா பாதியை மைட்டோகாண்ட்ரியா துறைக்கும் தர வேண்டும். இரு துறைகளும் தனித்தனியே முத்திரையிடும். ஒரு தட்டில் பட்டுத்துணி விரித்து நிர்வாகத்தின் பெரிய கத்தரிக்கோல் கொண்டுவரப்பட்டது. கட்டடம் திறந்தபோது ரிப்பன் வெட்டிய அதே கத்தரிக்கோல்.

முதலில் இலைகள். இயக்குநரே வெட்டினார். நோய் பிடித்த இலையின் சாறு கத்தரிக்கோலின் அலகில் பச்சையாக வழிந்தது.

"ஐயா, அதைச் சோப்புத் தண்ணியில கழுவணும்" என்றாள் படக்காரி. "நோய் அதுலதான் ஒட்டிக்கிட்டு இருக்கும்."

"நாங்க கழுவலாமா?" என்று வைரஸ் துறைத் தலைவர் தலைவியைப் பார்த்தார். "கத்தரிக்கோல் நிர்வாகத்தோடது" என்றார் தலைவி. நிர்வாகத்தில் கழுவுவதற்கென்று பதவி இல்லை. கத்தரிக்கோல் பட்டுத்துணியில் துடைக்கப்பட்டு மறுபடியும் தட்டில் படுத்துக்கொண்டது.

"இப்போ படம்" என்றார் இயக்குநர்.

படக்காரி படத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"இதை வெட்ட முடியாது ஐயா."

"ஏன் முடியாது? காகிதம்தானே?"

"கோடு இந்தப் பைக்கு நடுவுல போகும். பையைப் பாதியா வெட்டினா ரெண்டு பாதிப் பை கிடைக்காது. ஒரு பையும் இருக்காது. படம் முழுசா இருந்தாத்தான் என்ன நோய்னு தெரியும்."

"குழுவின் முடிவு வெட்டணும்ங்கிறது. என்ன நோய்னு தெரியணும்ங்கிறது இல்லை."

"அப்ப நான் வெட்ட விடமாட்டேன்."

அந்த மண்டபத்தில் 'மாட்டேன்' என்ற சொல் அதற்கு முன் ஒலித்ததில்லை. அதை எந்தத் தலைப்பில் குறித்துக்கொள்வது என்று குறிப்பெடுப்பவருக்குப் புரியவில்லை. கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. போகிற போக்கில் இயக்குநர் தட்டிலிருந்த கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டார். அவருடைய அறை ஜன்னலில் ஒரு முலாம்பழக் கொடி படர்ந்திருந்தது. அதில் ஒரே ஒரு காய். ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினருக்குக் கொடுக்க, வலையில் தொட்டில் கட்டி வளர்த்துவந்தார். கொடியில் இரண்டு இலை பழுத்திருந்தது. அதே கத்தரிக்கோலால் நறுக்கென்று கத்தரித்துவிட்டு, திருப்தியோடு உட்கார்ந்தார்.

அடுத்த வாரம் படக்காரிக்கு வேலை நீட்டிப்பு இல்லை என்று வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. வைரஸ் துறைக்குள் கால் வைக்கக்கூடாது, மைட்டோகாண்ட்ரியா துறைக்குள்ளும் கால் வைக்கக்கூடாது.

அவள் மறுக்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து மஞ்சள் கோட்டின்மேல் போட்டு, படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கோடு அகலமானது. நாற்காலியின் நான்கு கால்களும் தூசிக்குள் அடங்கின.

காவலாளி ஓடிவந்தார்.

"அம்மா, எழுந்திரிங்கம்மா. உங்களை வெளிய அனுப்பச் சொல்லி உத்தரவு."

"எந்தத் துறையில இருந்துண்ணே?"

"ரெண்டு துறையில இருந்தும்தான்."

"நான் எந்தத் துறையிலயும் இல்லையே."

காவலாளி குனிந்து நாற்காலிக் கால்களைப் பார்த்தார். எழுந்து தலையைச் சொறிந்தார். "இந்தப் பக்கம் ஒரு அடி நகர்ந்தா தூக்கிடுவேன். அந்தப் பக்கம் நகர்ந்தாலும் தூக்கிடுவேன். கோட்டுமேல எனக்கு உத்தரவு இல்லம்மா. ஏம்மா இப்படிச் சோதிக்கிறீங்க?" என்றவர், சற்று நேரம் கழித்து ஒரு குவளைத் தண்ணீரைத் தரையில் வைத்துக் காலால் மெல்லக் கோட்டுக்குள் தள்ளிவிட்டார். அதற்கும் உத்தரவு கிடையாது. சில காரியங்களுக்கு உத்தரவு மேலே இருந்து வருகிறது. நாம் தலைதூக்கிப் பார்க்கிற அந்த மேலே.

கடவுள் செல்லைப் படைத்தபோது நடுவில் மஞ்சள் கோடு போட மறந்துவிட்டார் என்று அவளுக்குத் தோன்றியது. மறந்தாரா, வேண்டாம் என்று விட்டாரா? உட்கார்ந்தபடியே அதைப் பற்றி யோசித்தாள், இடையிடையே ஜெபித்தாள். மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. பகலில் நாற்றுக்காரக்காவின் போன் வரும். "ஏம்மா, எதாவது தெரிஞ்சுதா?" "தெரிஞ்சுது அக்கா. சொல்றதுக்குத்தான் ஆள் இல்ல. கத்தியெல்லாம் நல்லாக் கழுவுங்க. நோய் வந்த பாத்திப் பக்கம் போன காலோட மத்த பாத்திக்குப் போகாதீங்க." "சரிம்மா. நீ சாப்பிட்டியா?" எரிக்கப்போவது அவளுடைய நாற்றங்காலை. கேட்பதோ இவள் சாப்பிட்டாளா என்று.

தாழ்வாரத்தில் போகிறவர்கள் எல்லோரிடமும் படக்காரி ஒரே கேள்வியைக் கேட்டாள். "வீட்டுக்குள்ள வந்த திருடன் பீரோகிட்ட போகாம ஏன் அடுப்படிக்குப் போறான்?"

முதல் நாள் யாரும் நிற்கவில்லை. மறுநாள் ஒரு ஆராய்ச்சி மாணவி நின்றாள். "பசிக்குதோ என்னமோ" என்றாள். கோட்டின் அந்தப் பக்கத்திலிருந்து ஒருவன், "பசின்னா ஒரு பை போதுமே, ஏன் இத்தனை பை?" என்றான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பக்கத்துப் பக்கத்து அறையில் வருஷக்கணக்காக வேலை செய்தும் ஒருவர் குரலை ஒருவர் அன்றுதான் கேட்டார்கள். மெல்ல மெல்ல நாற்காலியைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்தது. இந்தப் பக்கத்து ஆட்கள் கோட்டின் இந்த ஓரத்தில், அந்தப் பக்கத்து ஆட்கள் அந்த ஓரத்தில். தலைகள் மட்டும் நடுவில் வந்து படத்தின்மேல் முட்டிக்கொண்டன. இயக்குநர் அஞ்சியபடியே, நிலையத்தில் ஆராய்ச்சி நடக்கத் தொடங்கியிருந்தது.

ஒரு மதியம் இயக்குநரே வந்தார். முகம் வெளுத்திருந்தது. கையில், காகிதத்தில் சுருட்டிய ஒரு இலை.

"இது துறை சாராத விஷயம்" என்று தாழ்ந்த குரலில் தொடங்கினார். "என் ஜன்னல் கொடி. புள்ளி புள்ளியா காயுது. அது நிர்வாகத்தின் செடி. அதுக்கு நோய் வர அதிகாரமே கிடையாது."

சுற்றி நின்றவர்கள் இன்னும் நெருங்கி வந்தார்கள். இப்போது பேரம் பேசுவாள், முத்திரை கொடுத்தால்தான் சொல்வேன் என்பாள் என்று எதிர்பார்த்தார்கள். அவள் இலையை வாங்கிப் பார்த்தாள்.

"கொடி பிழைக்காது ஐயா. வேரோட எடுத்து எரிச்சிடுங்க. மண்ணையும் மாத்திடுங்க. வேற தொட்டி எதுக்கும் அந்தக் கத்தரிக்கோலைக் கொண்டுபோகாதீங்க. செடி என்ன பாவம் பண்ணுச்சு."

"காய்?"

"பாக்கலாம் ஐயா. முதல்ல இதுலயும் அதேதானான்னு ஊர்ஜிதம் பண்ணிக்கலாம்."

நுண்ணோக்கி அறைக்குள் அவளுக்கு அனுமதி இல்லை. அதனால் அந்த ஆராய்ச்சி மாணவியும் அந்தப் பக்கத்துப் பையனும் அவள் சொல்லச் சொல்ல இலையைத் தயார் செய்து படம் எடுத்துக் கொண்டுவந்தார்கள். இரண்டு படங்களையும் மடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அதே அடுப்படி, அதே சுவர், அதே பைகள். கத்தியிலும் கத்தரிக்கோலிலும் மண்ணிலும் பரவும் நோய் என்று முடிவை ஒரு தாளில் எழுதினாள்.

எல்லைக் குழு வேறு வழியில்லாமல் தாழ்வாரத்திலேயே கூடியது. அவசரக் கூட்டம். இயக்குநர் நின்றுகொண்டே பேசினார். "சரி, முடிவை வெளியிடுவோம். முழுப் படத்தோடேயே வெளியிடுவோம். ஒரே ஒரு திருத்தம். 'கத்தரிக்கோல்' என்ற சொல் வேண்டாம். 'ஏதோ ஒரு கருவி' என்று இருக்கட்டும். முடிந்தால் கருவியும் வேண்டாம். 'விதிவசத்தால்' என்று போடலாம்."

"கத்தரிக்கோல்னுதான் ஐயா இருக்கணும்" என்றாள் படக்காரி. "விதியைச் சோப்புப் போட்டுக் கழுவ முடியாது. நாத்து வளர்க்கிறவங்களுக்கு எதைக் கழுவணும்னு தெரியணும்."

"உன் வேலை போயிடுச்சுங்கிறது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு ஐயா. அதனாலதான் தைரியமாப் பேச முடியுது."

யாரோ சிரித்தார்கள். எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

அப்போது வைரஸ் துறைத் தலைவர் முன்னால் வந்தார். வழக்கம்போலக் கைக்குட்டையை எடுத்தார். எடுத்தவர், படத்தை மூடாமல் தன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இவ்வளவு அழகா இருக்குமா இது?" என்றார், மைட்டோகாண்ட்ரியாவைப் பார்த்து.

"நோயிலயும் அது வேலையை விடல பாருங்க" என்றார் தலைவி. அவரும் குனிந்திருந்தார். "சரி, நீ சொல்லு. திருடன் ஏன் அடுப்படிக்குப் போறான்?"

"முழுசா யாருக்கும் தெரியாது மேடம். ஒரு காரணம் எனக்குத் தோணுது. அவன் திருடிட்டுப் போக வரல, குடியிருந்து பெருக வர்றான். செல்லுக்கும் காவல்காரங்க உண்டு. வைரஸ் பெருகுறதைப் பாத்தா வெட்டிப் போட்டுடுவாங்க. சுவரையே பையா மடிச்சு உள்ள உட்கார்ந்துட்டா அவங்க கண்ணுக்குத் தெரியாது. சுவர் ஒருத்தரோடது, உள்ள இருக்கிறவன் இன்னொருத்தரோட ஆளு. யாரும் எட்டிப் பாக்க மாட்டாங்கன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு."



"முத்திரையைக் கொண்டுவாய்யா" என்றார் வைரஸ் துறைத் தலைவர். முத்திரைக்காரர் இரண்டையும் கொண்டுவந்தார். தலைவர் ஒன்றைப் பதித்தார். தலைவி மற்றதை அதன்மேலேயே, பாதி ஏறியபடி பதித்தார். எந்த எழுத்து எந்தத் துறையுடையது என்று பிரிக்க முடியாதபடி மை கலந்துவிட்டது. கத்தரிக்கோல் என்ற சொல் அப்படியே இருந்தது. இயக்குநர் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொடியை எரித்த பிறகும் காய் வலைத் தொட்டிலில் தொங்கிக்கொண்டிருந்தது. அது எந்தத் துறையைச் சேர்ந்தது என்பது இன்னும் முடிவாகவில்லை.

படக்காரி நாற்காலியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அவள் கேட்கவுமில்லை. மகளுக்குப் பதில் சொன்னாள். மகள் கேட்டுவிட்டு, "அப்ப நாம அடுப்படியை அடிக்கடி எட்டிப் பாக்கணும்" என்று போய்ப் பிஸ்கட் டப்பாவோடு திரும்பினாள்.

சந்தைக் குழு இரண்டு பாத்திகளை மட்டும் எரித்தது. அன்று நாற்றுக்காரக்கா எரிவதைக் கடைசிவரை நின்று பார்த்தாள் என்றும், மறுநாள் காய்ச்சலில் படுத்துவிட்டாள் என்றும் படக்காரி கேள்விப்பட்டபோது, வெளியே அனல்காற்று வீசிக்கொண்டிருந்தது.

மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு நேராக அங்கே போனாள் படக்காரி. நாற்றங்கால் படலுக்குப் பூட்டு இல்லை, ஒரு கம்பி வளையம்தான். உள்ளே யாருமில்லை. வரிசை வரிசையாக நாற்றுகள் கழுத்துத் தொங்கி நின்றன. அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைக் கழுவிக்கொண்டாள். நிழல்வலையை இழுத்துக் கட்டினாள். தொட்டியிலிருந்து வாளி வாளியாகச் சுமந்து, பூவாளியால் ஒவ்வொரு தட்டுக்கும் ஊற்றினாள். கொட்டகையில் கிடந்த கத்திகளையும் கத்தரிகளையும் திரட்டி, சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவித் துணியில் வரிசையாகக் காயவைத்தாள். தோள் இறங்கிவிட்டது. சேலை முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தது. வெயில் சாயும்போது நாற்றுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தலை தூக்கின.

அக்கா எழுந்து வந்து பார்த்தால் மழை பெய்ததோ என்று நினைப்பாள். நினைக்கட்டும்.

படலைச் சாத்திக் கம்பி வளையத்தை மாட்டிவிட்டு, யாருமில்லாத நாற்றங்காலைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்:

"அழவே இல்லக்கா. சமர்த்தா இருந்தாங்க."